கலைச்சொல்: டிராக்டபிலிட்டி (வெள்ளிக்குள் ஒரு சொல் தேவை)

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், சென்னை

குழுவினருக்கு வணக்கம்.

ட்ரயல்ஸ் மோட்டார் சைக்கிள் எஞ்சினில் ஓட்டுபவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று ஒரு கட்டுரை, வாகன இதழ் ஒன்றுக்குத் தமிழில் தர வேண்டும். வெள்ளி காலை கெடு.

ட்ரயல்ஸ் ரேஸ் அல்ல. பாறை, ஓடை, சேற்று மேடு என்று நாடா கட்டி அடையாளமிட்ட வழியைக் காலைத் தரையில் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒருமுறை ஊன்றினால் 1, இருமுறைக்கு 2, அதற்கு மேல் எத்தனை ஊன்றினாலும் 3. விழுந்தாலோ வழியை விட்டு வெளியே போனாலோ 5. புள்ளி குறைந்தவரே வென்றவர்.

கட்டுரையில் பதினோரு இடத்தில் டிராக்டபிலிட்டி (tractability) வருகிறது, அதாவது எஞ்சின் கை சொன்னபடி கேட்கும் குணம். அப்படியே விட்டுப் பார்த்தேன். மெய்ப்பு பார்ப்பவர் போன் செய்து "டிராக்டர் கட்டுரையா மேடம்?" என்கிறார். உதவுங்கள்.

அனுப்புநர்: ஆட்டோமொபைல் விரிவுரையாளர், கோவை

இதில் என்ன சிக்கல்? குறைந்த சுற்றில் நல்ல டார்க். "தாழ்சுழல் முறுக்குவிசை" என்று போடுங்கள். மாணவர்களுக்கு முறுக்குவிசை பழகிய சொல். தின்பண்டம் நினைவுக்கு வந்து முதல் வாரம் சிரிப்பார்கள், அப்புறம் சரியாகிவிடும்.

அனுப்புநர்: புலவர் ஐயா, தஞ்சாவூர்

அன்புடையீர், வேரைப் பார்க்காமல் கிளையை ஒட்டக்கூடாது. இச்சொல்லின் இலத்தீன் மூலத்துக்கு இழுத்தல் என்பது முதற்பொருள். கையாளுதல் என்பது அதிலிருந்து கிளைத்தது. டிராக்டர் முதற்பொருளிலேயே நின்றுவிட்டது, உங்கள் சொல் இரண்டாவதற்குப் போய்விட்டது. எனவே "இழுவை" என்று தொடங்கும் எதுவும் பிழை.

நம் இழு என்னும் வேரோ வளமானது. இழு, இழை, இழுக்கு. இழுக்கல் என்றால் வழுக்கு நிலம். அங்கே ஊன்றுகோல் போன்றது ஒழுக்கமுடையார் வாய்ச்சொல் என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். ஓட்டுநர் சறுக்கும் நிலத்தில் கால் ஊன்றுகிறார் அல்லவா, அதற்கு "ஊன்றல்" என்ற சொல்லை இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள். கேட்ட சொல்லுக்கு என் பரிந்துரை: ஏவற்பாடு. ஏவியபடி படுதல்.

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், சென்னை

ஐயா, "ஊன்றல்" அருமை, எடுத்துக்கொண்டேன். ஆனால் ஏவல் என்றதும் எங்கள் தெருவில் எலுமிச்சம்பழமும் சூனியமும்தான் நினைவுக்கு வரும்.

அனுப்புநர்: யார்க்‌ஷயரிலிருந்து

இங்கே வந்து ஒன்பது வருடம். ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர் ட்ரயல்ஸில் பழைய 250 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டி ஒன்றை ஓட்டுகிறேன். அதாவது ஐந்து ஐந்தாகச் சேர்க்கிறேன்.

> குறைந்த சுற்றில் நல்ல டார்க்

இது பாதிதான், அண்ணா. ஓடைக்குள் பாசி படிந்த ஒரு படிக்கல்லை நினைத்துப் பாருங்கள். முன்சக்கரம் கல்லில் ஏறிவிட்டது. எஞ்சின் தட்... தட்... என்று ஒவ்வொரு வெடியையும் எண்ணலாம் போல இறங்கிவிட்டது. இப்போது ஆக்சிலரேட்டரை ஒரு நகக்கண் அளவு முறுக்குகிறேன். டார்க் சட்டென்று வந்தால் பின்சக்கரம் பாசியில் சுழன்று வழுக்கும், வண்டி பக்கவாட்டில் போகும், எனக்கு ஐந்து. வராமல் போனால் எஞ்சின் நின்றுவிடும், அதற்கும் ஐந்து. நகக்கண் அளவு முறுக்கினால் நகக்கண் அளவே வர வேண்டும், உடனே வர வேண்டும், போன தடவை வந்த மாதிரியே வர வேண்டும். தேடுவது இதைத்தான். குதிரைத்திறன் எவ்வளவு என்று எங்கள் கூட்டத்தில் யாரும் கேட்டதில்லை.

இதற்காகவே முறுக்கும் கைப்பிடிக்குள் இருக்கும் ஆக்சிலரேட்டர் குழாயை மெதுவானது, வேகமானது என்று இரண்டு வகையாக விற்கிறார்கள். கை நடுங்கும் என் போன்றவர்களுக்கு மெதுவானது. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலில் கூடுதல் எடை பூட்டிக்கொள்வதும் உண்டு. (ஃப்ளைவீலுக்குத் தமிழ் என்ன?)

அனுப்புநர்: ரொறன்ரோவிலிருந்து (ஊர் யாழ்ப்பாணம்)

ஃப்ளைவீல் எங்களுக்குப் பறப்புச் சில்லு. பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படித்தோம். அதன் சடத்துவம் (இனர்ஷியா) தான் நீங்கள் சொல்லும் குணத்தைத் தருகிறது என்றால், சொல்லும் அங்கிருந்து வரட்டும்.

அனுப்புநர்: விரிவுரையாளர், கோவை

சடத்துவம் எங்களுக்கு நிலைமம். அந்தச் சண்டையை இந்த வாரம் வேண்டாம் அண்ணை. அதோடு, இந்த எஞ்சின்கள் வாழ்க்கையில் பறந்ததே இல்லை, அதற்குப் பறப்புச் சில்லா?

ஆனால் விஷயம் சரி. ஒற்றை சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் நிமிடத்துக்கு 900 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சுற்றுக்கு ஒரு வெடி, நொடிக்கு ஏழரை. ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவே பிஸ்டனை மேலே தள்ளிக் காற்றை அமுக்கிக் கொடுப்பது ஃப்ளைவீல் சேர்த்து வைத்த ஆற்றல். சுற்று பாதியானால் அந்த ஆற்றல் கால்வாசியாகிவிடும். மெதுவாகப் போகும் வண்டிக்கு ஃப்ளைவீல் கனமாக இருக்க வேண்டியது இதனால்தான். "தாழ்சுழல்" என்பதையாவது வைத்துக்கொள்ளுங்களேன்.

அனுப்புநர்: புல்லட்காரன், திருவொற்றியூர்

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். ட்ரயல்ஸ் என்றதும் எல்லோரும் வெளிநாட்டுக் கதை என்று நினைக்கிறீர்கள். ஸ்காட்லாந்தில் ஃபோர்ட் வில்லியத்தைச் சுற்றி நடக்கிறதே ஆறு நாள் ட்ரயல், அதை 1952இலும் 1957இலும் ஜானி பிரிட்டன் வென்றது ராயல் என்ஃபீல்ட் புல்லட்டில். அதே புல்லட்டை 1955இலிருந்து சென்னையில் செய்கிறார்கள். 346 சிசி எஞ்சினின் சிலிண்டர் துளை 70 மி.மீ., பிஸ்டன் வீச்சு 90 மி.மீ. துளையைவிட வீச்சு நீளம், உள்ளே கனமான ஃப்ளைவீல். 2019இல் புல்லட் ட்ரயல்ஸ் என்று ஒன்றை இங்கேயே விற்றார்கள்.

எங்கள் பட்டறையில் பழைய புல்லட்டைப் பற்றி என்ன சொல்வோம் தெரியுமா? "திணறாது." டாப் கியரில் மாட்டுவண்டிக்குப் பின்னால் போனாலும் திணறாது, உதறாது. சொல் அதிலிருந்து வரட்டுமே: திணறாமை.

அனுப்புநர்: யார்க்‌ஷயரிலிருந்து

தம்பி, அப்படியே கட்டிப்பிடிக்கலாம் போலிருக்கிறது. ஒரு சின்னத் திருத்தம் மட்டும். கனமான ஃபோர் ஸ்ட்ரோக்தான் இதற்குச் சரி என்று நினைத்த காலம் 1965இல் முடிந்தது. 500 சிசி ஏரியல் வண்டியில் ட்ரயல்ஸ் ராஜாவாக இருந்த சாமி மில்லர் ஸ்பெயினின் புல்டாகோ நிறுவனத்துக்கு மாறினார். 244 சிசி டூ ஸ்ட்ரோக் ஷெர்பாவை அவரே இருந்து சீர்செய்தார், அதே ஸ்காட்லாந்து ட்ரயலை அந்த ஆண்டே வென்றார். டூ ஸ்ட்ரோக் சுற்றுக்கு ஒரு வெடி வெடிக்கும், எடையும் குறைவு. ஃபோர் ஸ்ட்ரோக் கதை அதோடு தீர்ந்ததா என்றால் இல்லை. 2007 முதல் 2024 வரை ஒரு வருடம்கூட விடாமல் உலகப் பட்டம் வாங்கிய டோனி போ ஓட்டியது மொன்டேசா ஃபோர் ஸ்ட்ரோக். ஆனால் அவர்கள் செய்வது வேறு வித்தை: எஞ்சினைச் சுழலவிட்டு, கிளட்சை ஒற்றை விரலால் பிடித்து, ஃப்ளைவீலில் சேர்ந்ததை ஒரே வீச்சில் பின்சக்கரத்துக்குக் கொடுத்து, ஆளுயரப் பாறையில் தாவுவார்கள். திணறாமை அங்கே பாதி கிளட்சில் இருக்கிறது.

அனுப்புநர்: புலவர் ஐயா, தஞ்சாவூர்

திணறாமை இலக்கணப்படி எதிர்மறைத் தொழிற்பெயர். கொல்லாமை, பொச்சாவாமை வரிசையில் வரும். குற்றம் இல்லை. ஆனால் ஒரு குணத்தை இன்னதில்லை என்று சொல்வது அரைச்சொல். மேலும் திணறு, ஆமை என்று பிரித்தால் வினைத்தொகையாகித் திணறுகின்ற ஆமை ஆகும். வேகமில்லாத வண்டிக்கு இந்தப் பெயர் வைத்தால் கேலிதான் மிஞ்சும்.

அனுப்புநர்: புல்லட்காரன், திருவொற்றியூர்

ஐயா, ஆமையைக் குறைத்துச் சொல்லலாமா? அடக்கமுடைமையில் ஐந்தடக்குவதற்கு ஆமைதானே உவமை. ட்ரயல்ஸிலும் ஐந்து வாங்காமல் அடக்குவதுதானே ஆட்டமே!

அனுப்புநர்: புலவர் ஐயா, தஞ்சாவூர்

தம்பி, வாய்விட்டுச் சிரித்தேன். ஆனாலும் ஏவற்பாட்டைக் கைவிடவில்லை.

அனுப்புநர்: ரொறன்ரோவிலிருந்து

எல்லோரும் உழவு மாட்டை மறந்துவிட்டீர்கள். எங்கள் அப்பு மாடு வாங்கப் போனால் பல்லைப் பார்ப்பதற்கு முன்னர் சேற்றில் நாலு அடி நடத்திப் பார்ப்பார். நின்றுவிட்டால் அது சண்டி. கயிற்றைத் தொட்டதும் பாய்ந்தால் அதுவும் வேண்டாம். கயிறு அசைந்த அளவுக்கு நடந்தால் "பழகின மாடு" என்று காசை எடுப்பார். யார்க்‌ஷயர் தம்பி ஓடைக்குள் தேடுவதும் அதுதான். பழக்கம், பழகுமை, ஏதோ ஒன்று. அந்தக் குணம் இல்லாததற்குச் சண்டித்தனம் என்ற சொல் தயாராக இருக்கிறது.

அனுப்புநர்: விரிவுரையாளர், கோவை

பழகுமை என்று வகுப்பில் சொன்னால் ஓட்டுபவன் பழகினான் என்று நினைப்பார்கள், எஞ்சின் என்று எவனும் நினைக்க மாட்டான். சண்டித்தனம் மட்டும் நாளைக்கே கரும்பலகையில் ஏறுகிறது.

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், சென்னை

மணி இரவு பதினொன்றே கால், வியாழன். எண்ணிப் பார்த்தேன். திணறாமைக்கு நான்கு பேர் (எனக்குத் தனி அஞ்சலில் சொன்ன இருவரையும் சேர்த்து), பழகுமைக்கு ஒருவர், ஏவற்பாட்டுக்கு ஐயா, தாழ்சுழலுக்குக் கோவை. முதல் இடத்தில் "திணறாமை, அதாவது எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதும் நின்றுவிடாமல், துள்ளாமல், கை சொன்ன அளவுக்கே இழுக்கும் குணம்" என்று விளக்கிவிட்டு, மீதிப் பத்து இடத்திலும் வெறும் திணறாமை. அனுப்பிவிட்டேன். நன்றி, தூங்கப் போகிறேன்.

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், சென்னை

பக்கம் வடிவமைத்து வந்தது. ஆசிரியர் பதினோரு இடத்திலும் "ஸ்மூத் பிக்கப்" என்று மாற்றியிருக்கிறார். ஊன்றல் தப்பித்தது.

அனுப்புநர்: புலவர் ஐயா, தஞ்சாவூர்

பிக்கப்பா! குழுவின் சொற்பட்டியலிலாவது ஏவற்பாட்டை அடைப்புக்குறிக்குள் வையுங்கள்.

அனுப்புநர்: ரொறன்ரோவிலிருந்து

திணறாமைக்கு என் உடன்பாடின்மையும் பட்டியலில் பதிவாகட்டும். அது சரி, ஃப்ளைவீலுக்கு எதைப் போட்டீர்கள் தங்கச்சி? சொல்லவே இல்லையே.