மாமா கொடுத்த வேட்டைக் கத்தி துருப்பிடிக்கிறது, மட்டமான இரும்பா?

ராயபுரத்துக்காரன்:
கப்பலில் வேலை பார்க்கும் மாமா ஒரு வேட்டைக் கத்தி கொண்டுவந்து கொடுத்தார், பிளேடில் 1095 என்று போட்டிருக்கிறது. வேட்டைக்குப் போனால் 1972 வனவிலங்குச் சட்டத்தில் உள்ளே போகவேண்டியதுதான், அதனால் வீட்டில் வஞ்சிரம் வெட்ட எடுத்தேன். ஒரே வாரத்தில் புள்ளிப்புள்ளியாகத் துரு. ஏமாந்துட்டாரா?

காசிமேட்டு அண்ணன்:
இல்லை தம்பி, நல்ல இரும்பு. 1095 என்றால் சுமார் 0.95 சதவீதம் கார்பன், ஸ்டெயின்லெஸ் மாதிரி குரோமியம் சேர்ப்பதில்லை. கூரும் நன்றாக ஏறும், துருவும் சீக்கிரம் ஏறும், நம்ம உப்புக்காற்றில் கேட்கவே வேண்டாம். வெட்டியதும் கழுவித் துடைத்து, துளி எண்ணெய் தடவி வை. தோல் உறையில் மட்டும் போட்டு வைக்காதே, ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

பட்டறை வீட்டுப் பிள்ளை:
அப்பா தண்டையார்பேட்டையில் பட்டறை வைத்திருந்தார், லாரி பட்டையை அடித்துத்தான் மீன் கத்தி செய்வார். எந்த இரும்பானாலும் காய்ச்சுகிற பக்குவம்தான் முக்கியம். காந்தம் ஒட்டாத அளவுக்குச் செக்கச்செவேலென்று காய்ச்சி எண்ணெயில் முக்கினால் கெட்டியாகும், ஆனால் கண்ணாடி மாதிரி உடையும். அப்புறம் சுமார் 200 டிகிரியில் திரும்பச் சூடுகாட்டி, வைக்கோல் நிறம் வந்தால்தான் அடி தாங்கும். கைப்பிடியின் கடைசி வரை இரும்பு ஓடுகிறதா பாருங்கள், பாதியில் நின்றால் ஒருநாள் ஆட்டம் காணும்.

ராயபுரத்துக்காரன்:
கடைசி வரை ஓடுகிறது. ஆனால் தோல் உறையில்தான் வைத்திருந்தேன்! புள்ளியை எப்படி எடுப்பது?

காசிமேட்டு அண்ணன்:
எண்ணெய் விட்டு நைஸ் உப்புத்தாளால் மெதுவாகத் தேய். மெஷின் சாணைக்குக் கொடுத்துடாதே, சூடேறினால் விளிம்பின் பதம் போய்விடும்.