அம்மா எங்கே நிற்கிறார் என்று தெரிந்தால் போதும், படம் வேண்டாம்

கொக்குவிலான்:
அம்மாவுக்கு 79 வயது. பகலில் வீட்டில் தனிய. போன மாரியில் குசினி வாசலில் வழுக்கி விழுந்து, நான் வேலையால் வரும்வரை இரண்டு மணித்தியாலம் அப்படியே கிடந்திருக்கிறார். அடுத்த கிழமையே ஹோலில் ஒரு வைஃபை கமரா பூட்டினேன். மறுநாள் பார்த்தால் அதன் மேல் துவாய் தொங்குகிறது. "நானென்ன கள்ளியே, உன்ர தம்பி ரொறன்ரோவில இருந்து பார்த்துக்கொண்டிருக்க?" என்று கேட்டார். நியாயம்தான். அவன் வேலையிடத்தில் பக்கத்தில் இருந்தவனுக்கும் காட்டியிருக்கிறான்.

ஹோலா, குசினியா, சாமியறையா, நிலத்தில் கிடக்கிறாரா: எனக்கு இவ்வளவும் தெரிந்தால் போதும். முகத்தை மட்டும் மங்கலாக்கினால் சரிவருமா?

ஓட்டுவீடு:
வராது. மங்கலாக்கிய முகங்களையே கணினிக்குப் பழக்கி ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்று 2016இலேயே செய்து காட்டிவிட்டார்கள். அதைவிட, வீட்டில் ஒரே ஆள். முகம் இல்லாவிட்டாலும் அது அம்மா என்று தெரியாதா?

நான் அப்பாவின் அறையில் ஏஎம்ஜி8833 வெப்ப சென்சர் போட்டேன். மொத்தமே 64 புள்ளி, ஆள் ஒரு சூட்டுப் பொட்டாகத்தான் தெரிவார். இரவில் அருமை. சித்திரை மத்தியானத்தில் சுவரும் அப்பாவும் ஒரே சூடு, ஆளையே காணோம்!

பழைய வயர்:
கமராவே இருக்கட்டும், படத்தைச் சேமிக்காமல் விடுங்கள். ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினியில், ஆளின் உடல்நிலையைப் படத்தில் கண்டுபிடிக்கும் மூவ்நெட் என்ற மென்பொருள் ஓடும். மூக்கு, தோள், முழங்கால் என்று உடம்பில் 17 புள்ளிகளை எடுக்கும். எடுத்த கையோடு படத்தை அழித்துவிட்டு, நேரத்தையும் கால் பட்ட இடத்தையும் மட்டும் பதியுங்கள். நிலத்தின் நாலு மூலைகளை ஒருமுறை அளந்து கொடுத்தால் அந்த இடம் அடிக்கணக்கில் வரும்.

இடுப்பை மட்டும் பார்த்து அலாரம் வைக்காதீர்கள். திருவலையில் இருந்து தேங்காய் திருவும்போதும் இடுப்பு நிலத்தோடுதான். தோளும் கீழே வந்து ஒரு நிமிடம் கிடந்தால் மட்டும் போனுக்குச் செய்தி வரட்டும். கூரை வளையில் நேர்கீழே பார்க்கப் பூட்டினால் மூவ்நெட் குழம்பும், மூலையில் பூட்டுங்கள். தம்பிக்குக் கடவுச்சொல் வேண்டாம்.

இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொந்த வீட்டுத் தேவைக்குப் பொருந்தாது. ஆகவே அம்மாவிடமே கேட்டுப் பூட்டுங்கள்.

கொக்குவிலான்:
நன்றி அண்ணை. புள்ளிகளைக் கோடாக இணைத்து அம்மாவுக்குக் காட்டினேன். "என்ர கூனை விட்டிட்டெல்லோ கீறியிருக்கு" என்று சிரித்தார். துவாயை எடுத்தாயிற்று. சாமியறைக்கு மட்டும் மாட்டேன் என்கிறார், விட்டுவிட்டேன். அப்புறம், கரண்ட் போனால் ராஸ்பெரி பையைப் பவர்பாங்கில் ஓட்டலாமா?