கேரியர் கோச் வைக்கலாமா? வைத்தவர்களும் வேண்டாம் என்று விட்டவர்களும் சொல்லுங்கள்

சிறுசேரிக்காரன்

சப்போர்ட் புராஜெக்ட், அதே கிளையன்ட், அதே டிக்கெட். டேட்டா என்ஜினியரிங் பக்கம் போகவேண்டும் என்று வெகுநாள் நினைப்பு. லிங்க்ட்இன்னில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு கோச்சிடம் இலவச டிஸ்கவரி கால், அதாவது பணம் கட்டுவதற்கு முன் அறிமுகத்துக்காகப் பேசும் போன் கால், பேசினேன். அந்த மாதிரி கால் எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். "இப்போது என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார். ராத்திரி பேட்ச் ஜாப் ஃபெயில் ஆனால் எழுந்து என்னென்ன செய்வேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், அந்தப் பக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம். குறிப்பெடுக்கிறார் போல என்று நினைத்தேன். நான் பேசி முடிப்பதற்குள் என் வாட்ஸ்அப்பில் இஎம்ஐ லிங்க் வந்து விழுந்தது. 85,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ராத்திரி 12 மணிக்குள் கட்டினால் 60,000. வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றதற்கு, "உங்க கேரியருக்கு நீங்க முடிவெடுக்க மாட்டீங்களா சார்?" என்றார்.

கட்டவில்லை. ஆனால் நடுவில் அவர் கேட்ட ஒரு கேள்வி போகமாட்டேன் என்கிறது. "உங்க மேனேஜர் நாளைக்கு வேற கம்பெனிக்குப் போயிட்டா, உங்க வேலையைப் பத்தி ஒரு வரி சொல்லத் தெரிஞ்சவங்க மிச்சம் யாரு?" யோசித்துப் பார்த்தேன், ஒருத்தர் பெயர்கூட வரவில்லை. விற்பதற்காகவே கேட்டிருக்கட்டும், கேள்வி நியாயமானது. அந்த மாதிரி கேட்டுவிட்டு, பதிலையும் உட்கார்ந்து கேட்கிற ஆள் யாருக்காவது கிடைத்திருக்கிறாரா? எப்படித் தேடினீர்கள்?

பல்லாவரம் டெஸ்டர்

எனக்குக் கிடைத்தார். குழந்தைக்காக வேலையை விட்டு, திரும்ப வர முயற்சி செய்து எங்கேயும் அழைப்பே வராத சமயம். பழைய ஆபீஸ் தோழி ஒருத்தி தான் போன கோச்சையே சொன்னாள். ஐசிஎஃப் என்ற கோச்சிங் அமைப்பின் சான்றிதழ் உள்ளவர், பேக்கேஜ் எல்லாம் இல்லை, ஒவ்வொரு முறைக்கும் தனித்தனியாகப் பணம்.

முதல் நாள் ரெஸ்யூமேயைக்கூட அவர் திறக்கவில்லை. கூட வேலை பார்த்த சிலருக்கு போன் பண்ணி, "என்னை ஒரு இடத்துக்குச் சிபாரிசு பண்றதா இருந்தா என்ன சொல்லிப் பண்ணுவே?" என்று கேட்டுவிட்டு வரச் சொன்னார். கூச்சமாக இருந்தது, இத்தனை வருஷம் பேசாமல் இருந்துவிட்டு இதைக் கேட்க எப்படி போன் பண்ணுவது? பண்ணினேன். "சோதித்தாயிற்று, வெளியிடலாம்" என்று டெஸ்டர் தருகிற ஒப்புதலைத்தான் சைன் ஆஃப் என்போம். எங்கள் பழைய டீம் லீட் பின்னால் குழந்தை அழுகிற சத்தத்தோடு சொன்னார்: "நீ சைன் ஆஃப் குடுத்தா ரிலீஸ் அன்னிக்கு நான் போனை சைலன்ட்ல போட்டுட்டுத் தூங்கிருக்கேன்மா. வேற யார் குடுத்தாலும் அப்படித் தூங்கினதில்ல." ரெஸ்யூமேயில் நான் எழுதி வைத்திருந்தது டெஸ்ட் கேஸ் எண்ணிக்கையும் டூல் பெயர்களும். அவர் சொன்னது அதில் எங்கேயும் இல்லை. அதை மேலே கொண்டுவந்து எழுதிய பிறகுதான் அழைப்புகள் வர ஆரம்பித்தன, வேலையும் கிடைத்தது.

உறுத்துவது என்னவென்றால், அந்த போனை நானே பண்ணியிருக்கலாம், ஒரு பைசா செலவில்லை. ஆனால் யாரோ ஒருவர் சொல்லாமல் நான் பண்ணியிருக்க மாட்டேன் என்பதும் நிஜம். அப்படியானால் நான் எதற்குப் பணம் கொடுத்தேன் என்று அவ்வப்போது தோன்றும். சில சந்திப்புகளுக்குப் பிறகு அவரே, "இனிமே நீங்க வந்தா உங்க பணம்தான் வீண்" என்று நிறுத்திவிட்டார். சிறுசேரி அண்ணா, அப்படிச் சொல்லக்கூடிய ஆளா என்று பாருங்கள்.

கோவை பம்ப்செட்

சான்றிதழை நம்பச் சொல்லாதீர்கள் மேடம். நானும் ஐசிஎஃப் சான்றிதழ் இருக்கிறவரிடம்தான் போனேன். மெக்கானிக்கல், பம்ப் கம்பெனியில் டிசைன். புனேயில் ஒரு ஆஃபர் வந்தது. என் நோட்டீஸ் 90 நாள், அவர்களுக்கு 30 நாளில் ஆள் வேண்டும். ரிலீவிங் லெட்டர் சிக்கல் வருமா, பைஅவுட் (மிச்ச நோட்டீஸ் நாளுக்குப் பதில் பணம் கட்டி வெளியேறுவது) கேட்கலாமா, கேட்டால் ஆஃபரையே தூக்கிவிடுவார்களா, இவ்வளவுதான் எனக்குத் தெரியவேண்டும். மனிதர் கண்ணை மூடித் திறந்து கேட்டார்: "அந்த 90 நாள் என்பது உங்களுக்குள் என்ன உணர்வை எழுப்புகிறது?"

நான் காசு கொடுத்து உட்கார்ந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். திரும்பக் கேட்டேன், அப்போதும் "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" தான். கடைசியில் எங்கள் காலேஜ் சீனியர் அண்ணன் ஒருவர், டீக்கடையில் நின்றபடி பேசி முடித்தார். புதுக் கம்பெனியிடம் பைஅவுட்டை அவர்களே ஏற்கமுடியுமா என்று மெயிலில் கேள், வாய்வார்த்தையாகச் சொன்னால் ஏற்காதே, ஆஃபர் லெட்டரில் ஒரு வரி வரட்டும், உன் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் பைஅவுட் பேசிக் சம்பளத்துக்கா கிராஸுக்கா என்று பார். நடந்தது அப்படியே. அந்த அண்ணன் எந்தச் சான்றிதழும் வாங்கவில்லை. உங்களுக்கு அமைந்தது நல்ல ஆள், சான்றிதழால் அமையவில்லை.

குரோம்பேட்டை ரெக்ரூட்டர்

இரண்டு பேர் சொல்வதும் நடப்பதுதான், நான் மேசையின் மறுபக்கம் உட்கார்கிறவள் என்பதால் சொல்கிறேன். ஒரே நாளில் ஒரே பதவிக்கு இரண்டு பேரை இன்டர்வியூ எடுத்தேன். "தோற்றுப்போன ஒரு அனுபவம் சொல்லுங்கள்" என்றால் காலையில் வந்த பையன் ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழுந்ததையும், பயத்தில் மேனேஜரை எழுப்பாமல் விட்டதையும் சொன்னான். நன்றாகச் சொன்னான், நான் மார்க் போட்டுவிட்டேன். மதியம் வந்த பெண் அதே இரண்டு மணி, அதே சர்வர், அதே மேனேஜர். "அன்றைக்கு நான் கற்றது" என்று ஆரம்பிக்கும் வரிகூட அதே. இரண்டு பேரும் ஒரே கோச்சிடம் படித்தவர்கள் என்று விசாரித்ததில் தெரிந்தது. இரண்டு பேரையும் எடுக்கவில்லை. அந்தக் கதை யாராவது ஒருவருக்கு நிஜமாகவே நடந்திருந்தால்? இன்னும் அதை யோசிக்கிறேன்.

சரி, இதைச் சொல்லியே ஆகவேண்டும். கோவை நண்பரே, நீங்கள் கேட்டது ஆலோசனை. அவர் படித்தது கோச்சிங். அங்கே கேள்வி கேட்டு உங்களிடமிருந்தே பதிலை வரவழைக்கத்தான் பயிற்சி, பதில் சொல்லித் தருவது வழிகாட்டியோ துறை தெரிந்த சீனியரோ செய்கிற வேலை. அதை முதலிலேயே உங்களிடம் சொல்லாதது அவர் தவறு, அதில் சந்தேகமில்லை. ஐசிஎஃப் என்பது 1995-இல் அமெரிக்காவில் தொடங்கிய சர்வதேச அமைப்பு. அவர்கள் சான்றிதழில் முதல் படியான ஏசிசிக்குக் குறைந்தது 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேரம் கோச்சிங் செய்த அனுபவமும் வேண்டும், அடுத்த படியான பிசிசிக்கு 125-உம் 500-உம், அதற்கும் மேலான எம்சிசிக்கு 200-உம் 2,500-உம். இந்த மணிக்கணக்கில் ஆள் எடுக்கத் தெரியுமா, பம்ப் தொழில் தெரியுமா என்பதெல்லாம் வராது. ஆனால் அவர்கள் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடினால் சான்றிதழ் நிஜமா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். நம் நாட்டில் கேரியர் கோச் என்று போர்டு மாட்ட எந்த உரிமமும் தேவையில்லை, அதனால் அந்தச் சின்னச் சோதனையாவது செய்யுங்கள்.

"வேலை வாங்கித் தருகிறேன்" என்பவர் கோச் இல்லை. எங்களைப் போன்ற ரெக்ரூட்டர்களுக்குச் சம்பளம் தருவது கம்பெனி, ஆள் தேடித் தரும் கன்சல்டன்சிக்கும் கம்பெனிதான் கமிஷன் தரும். வேலை தேடுகிறவரிடம் ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், டெபாசிட் என்று கேட்டாலே எழுந்து வந்துவிடுங்கள். சிறுசேரி நண்பருக்கு: அந்த இஎம்ஐ லிங்க் உண்மையில் ஒரு கடன். கடன் உங்கள் பெயரில், பணம் மொத்தமாகக் கோச்சின் கணக்குக்குப் போய்விடும். பாதியில் பிடிக்காமல் விலகினாலும் தவணை விலகாது, கட்டாவிட்டால் சிபில் ஸ்கோர் அடிபடும். இப்படி ஆன்லைனில் தரும் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி விதிகளில் கூலிங் ஆஃப் காலம் என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் அசலையும் அந்தச் சில நாள் வட்டியையும் கட்டி அபராதமில்லாமல் வெளியேறலாம். எத்தனை நாள் என்பது கடன் தாளோடு தரும் கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்டில் இருக்கும், கையெழுத்துக்கு முன்னால் அதைப் படியுங்கள். ஜிஎஸ்டி தனி என்றால் 18 சதவீதம், அப்படி வாங்குகிறவரிடம் ஜிஎஸ்டி எண் போட்ட பில் கேளுங்கள். பில் என்றதும் பேச்சு மாறினால் அங்கேயே தெரிந்துவிடும். ஏமாற்றப்பட்டால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்.

அப்புறம் ஏடிஎஸ் பூச்சாண்டி. ஏடிஎஸ் என்பது வருகிற ரெஸ்யூமேக்களைக் கம்பெனி சேர்த்து வைக்கும் மென்பொருள். "75 சதவீத ரெஸ்யூமேயை மனிதர் பார்க்கும் முன் மெஷின் தூக்கிப் போட்டுவிடும்" என்று சொல்லித்தான் பாதிப் பேர் ரெஸ்யூமே விற்கிறார்கள். அந்த எண்ணுக்கு ஆதாரமாக ஒரு ஆய்வையும் யாரும் காட்டியதில்லை. என் ஆபீஸில் நான்தான் திறந்து பார்க்கிறேன். தேடி எடுக்க வசதியாக வைத்திருக்கும் மென்பொருள் அது. சாதாரண வடிவத்தில், இரண்டு பக்கத்துக்குள், செய்த வேலையைத் தெளிவாக எழுதினால் போதும்.

ஆள் தேடுகிறவர்கள் முதல் பேச்சில் கேட்கவேண்டியது: என் நிலையில் இருந்த யாரிடமாவது நான் பேசலாமா, நீங்கள் எந்தத் துறையில் வேலை பார்த்தீர்கள், ஒரு தடவைக்கு மட்டும் பணம் கட்டலாமா, என்ன நடந்தால் நாம் நிறுத்திவிடலாம். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாதவர் வேண்டாம்.

மதுரை அப்பா

இதுவரை பேசியது பெரியவர்கள் கதை. பிள்ளைகள் கதையைக் கேளுங்கள். பையன் பத்தாவது முடித்தபோது ஒரு மண்டபத்தில் கேரியர் கைடன்ஸ் முகாம். பத்து விரல் ரேகையையும் ஸ்கேனரில் எடுத்தார்கள், டிஎம்ஐடி என்றார்கள், ரேகையை வைத்து மூளைத்திறனைச் சொல்லிவிடலாமாம். கலர் கலராக ஒரு தடி ரிப்போர்ட். ரிப்போர்ட்டைக் கொடுத்த அந்தம்மா என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, அவனைப் பார்த்துச் சொன்னார்: "உனக்குக் கணக்கு வராது தம்பி, கமர்ஷியல் ஆர்ட் பக்கம் போ." அவன் விரலில் மை எதுவும் இல்லை, இருந்தும் டவுசரில் விரலைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

இதற்கு அறிவியல் அடிப்படை கிடையாது என்று இந்திய மனநல மருத்துவர் சங்கமே அறிக்கை விட்டிருப்பதை அப்புறம்தான் படித்தேன். ரிப்போர்ட்டைக் கிழித்தாயிற்று. ஆனால் இப்போதும் ஒரு கணக்கு தப்பினால் "எனக்குத்தான் வராதே" என்கிறான். அதை எப்படிக் கிழிப்பது?

பணம் கொடுக்கும் முன் உங்கள் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்துக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். பதிவு செய்வதோடு முடிந்தது என்று நினைக்கிறோம், வழிகாட்டுதலும் அவர்கள் வேலைதான், போட்டித் தேர்வுக்குத் தன்னார்வப் பயிலும் வட்டமும் இலவசமாக நடத்துகிறார்கள். அரசுப் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு 2022-லிருந்து தமிழக அரசின் நான் முதல்வன் திட்டம் இருக்கிறது. மத்திய அரசின் என்சிஎஸ் என்ற வேலைவாய்ப்பு இணையதளத்திலும் வழிகாட்டுதல் உண்டு, கட்டணமில்லை.

பல்லாவரம் டெஸ்டர்

ஐயா, பையனைக் கணக்கில் நன்றாக வருகிற ஒரு அண்ணனோடு உட்காரவைத்துப் பாருங்கள், நம் பேச்சை விட அது எடுபடும்.

கோவை அண்ணாவுக்கு ஒரு வார்த்தை. சான்றிதழால் எனக்கு நல்லது நடந்தது என்று நான் எழுதவே இல்லை, தோழி சொன்னாள் என்றுதான் முதலில் எழுதினேன். உங்களுக்கு சீனியர் அண்ணன் இருந்தார். காலேஜில் அப்படி ஒரு அண்ணனோ அக்காவோ இல்லாமல் வந்தவர்கள், வீட்டில் முதல் பட்டதாரிகள், வேலையை விட்டதும் எல்லாத் தொடர்பும் அறுந்துபோன பெண்கள், இவர்கள் எந்த டீக்கடையில் போய்க் கேட்பார்கள்?

கோவை பம்ப்செட்

அது சரிதான் மேடம். ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் 60,000 அதிகம்.

ஓரகடம்

ஆட்குறைப்பில் வெளியே வந்தவன். கம்பெனியே ஒரு கோச்சை ஏற்பாடு செய்து கொடுத்தது, அவுட்பிளேஸ்மென்ட் என்பார்களே. நல்ல மனிதர், ரெஸ்யூமே, இன்டர்வியூ எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். ஒரு நாள் என் பழைய மேனேஜர்மேல் இருந்த கோபத்தையெல்லாம் கொட்டினேன். பேசி முடித்ததும் அவர் ஸ்கிரீன் ஷேர் தவறுதலாக மாறி ஒரு நொடி தெரிந்தது: என் பெயர், தேதி, பக்கத்தில் எங்கள் ஹெச்ஆரின் மெயில் ஐடி போட்ட ஒரு ஷீட். வந்தானா வரவில்லையா என்று குறிக்கும் அட்டெண்டன்ஸாகத்தான் இருக்கும். ஆனால் அதற்கப்புறம் அவரிடம் எதையும் மனம்விட்டுப் பேச முடியவில்லை, வெறும் ரெஸ்யூமே பேச்சோடு முடிந்துவிட்டது.

ரெக்ரூட்டர் மேடம் பட்டியலில் ஒன்று சேர்க்கிறேன். உங்களுக்காக வேறு யாராவது பணம் கட்டினால், எது யாருக்குப் போகும் என்று மூன்று தரப்பும் முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது ஐசிஎஃப் நெறிமுறையிலேயே இருக்கிறது. முதல் நாளே கேளுங்கள், மெயிலில் கேளுங்கள். வருகைப் பதிவு மட்டும்தான் போகும் என்று பதில் வந்தால் அந்த மெயிலை ஆபீஸ் ஐடியில் வைக்காமல் சொந்த ஐடிக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள், கடைசி நாள் சாயங்காலம் ஆபீஸ் மெயில் அணைந்துவிடும்.