‘ரைஸர்’: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

1990களில் தெற்குக் கலிஃபோர்னியாவில் ஜப்பானியக் கார்களை வாங்கி மாற்றியமைத்த இளைஞர்களைப் பற்றிய ஒரு கட்டுரையை மாத இதழுக்காகத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்கோப்புக்குப் போகிறது. டர்போ, கியர், சைலன்சர் அப்படியே இருக்கட்டும். நான் மாட்டிக்கொண்டது அவர்களுடைய ஏச்சிலும் பாராட்டிலும்தான்.

ஒரு ஹோண்டா சிவிக்கைக் கண்முன் நிறுத்திப் பாருங்கள். சுருள்வில்லை அறுத்து வண்டியைத் தரையோடு தாழ்த்தியிருக்கிறார்கள். குழியில் இறங்கும்போதெல்லாம் டயர் மட்கார்டில் உரசுகிறது. பின்னால் பாயசக் குண்டான் போல ஒரு சைலன்சர். டிக்கியின் மேல் இடுப்புயர இறக்கை. சிவிக்கை இழுப்பவை முன்சக்கரங்கள். இறக்கை அழுத்துவதோ பின்சக்கரங்களை. போதாக்குறைக்கு, சாதாரண வண்டியின் மேல் ஹோண்டாவின் அதிவேக வகைக்கு உரிய ‘டைப் ஆர்’ என்ற முத்திரை. இப்படி வேகத்தின் கோலம் மட்டும் பூண்ட வண்டிக்கும் அதன் சொந்தக்காரருக்கும் ‘ரைஸர்’ என்று பெயர். இதற்கு நேரெதிர் ‘ஸ்லீப்பர்’: வெளியே பழைய குடும்ப வண்டி, உள்ளே பந்தய எஞ்சின்.

இரண்டுக்கும் தமிழ் வேண்டும்.

பேராசிரியர், தஞ்சாவூர்:

அம்மா, இரண்டாவதற்கு அலைய வேண்டியதே இல்லை. நீறுபூத்த நெருப்பு நம்மிடம் இருக்கிறது. ‘நீறுபூத்த வண்டி’ என்று எழுதுங்கள். ஆங்கிலேயர் இதையே ‘கியூ கார்’ என்பார்கள். முதல் உலகப் போரில் வணிகக் கப்பல் போலத் தோன்றி, பீரங்கியை மறைத்து வைத்திருந்த ‘கியூ’ கப்பல்களிலிருந்து வந்த பெயர் அது. அவர்களுக்குப் போர்க்கப்பல் தேவைப்பட்டது. நமக்கு அடுப்புச் சாம்பலே போதும்.

முதலாவது அதைவிட எளிது. கூடாவொழுக்கம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். வலியில்லாத ஒன்று வல்லுருவம் பூணுவதற்கு வள்ளுவர் சொன்ன உவமை, புலித்தோல் போர்த்து மேய்ந்த பெற்றம், அதாவது பசு. இறக்கை வைத்த சிவிக் வேறு என்ன? ‘பொற்றொடி’ என்றால் வளையலைக் குறிக்காமல் அதை அணிந்தவளைக் குறிப்பது போல, ‘புலித்தோல்’ அன்மொழித்தொகையாக நின்று வண்டியைக் குறிக்கும். பின்னால் ‘வண்டி’ என்று ஒட்டுவது இலக்கணம் அறியாதவர் செய்யும் வேலை.

பணிமனை நடத்துபவர், கோவை:

ஐயா, வணக்கம். புலித்தோல் என்று சொன்னால் என் வாடிக்கையாளர்கள் சீட் கவரைத்தான் நினைப்பார்கள். கடையில் புலிவரி போட்ட உறையே தொங்குகிறது. புலித்தோல் உடுத்தியவர் சிவபெருமான், அதில் அமர்ந்து தவம் செய்தவர்கள் முனிவர்கள். பிறகு இகழ்ச்சி எங்கிருந்து வரும்? ‘நீறுபூத்த வண்டி’க்கும் அதே சிக்கல். ஆயுத பூசையன்று எங்கள் பணிமனையில் நிற்கும் எல்லா வண்டிகளுமே நீறு பூசியவைதாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பத்தொன்பது வயதுப் பையனால் முதலில் வாங்க முடிவது இறக்கையும் ஸ்டிக்கரும்தான். எஞ்சினுக்குக் காசு சேர ஐந்து வருடம் ஆகும். அதுவரை அவனைப் போலி என்று சொல்ல எனக்கு மனம் வராது. ‘ஒப்பனை வண்டி’ என்று எழுதுங்கள். யாருக்கும் புரியும், யாரும் புண்பட மாட்டார்கள்.

பேராசிரியர், தஞ்சாவூர்:

தம்பி, பூத்தல் வேறு, பூசுதல் வேறு. நீறு பூப்பது நெருப்பின் இயல்பு. பூசுவது மனிதர் செயல். இந்த வேறுபாட்டைக் கைவிட்டால் தமிழில் எதைக் கொண்டுதான் சொல்லாக்குவது? ஜப்பானியரைப் பாருங்கள். தாழ்த்திய வண்டிக்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஷாகோதான்’. வண்டி, உயரம், குட்டை என்று மூன்றே எழுத்து. சக்கரத்தைப் பேய்த்தனமாகச் சாய்த்து வைத்தால் ‘ஓனிக்யான்’. ‘ஓனி’ என்றால் அரக்கன். புரியுமோ என்று அஞ்சி அவர்கள் ‘ஒப்பனை’ என்று நிறுத்திக்கொள்ளவில்லை.

ஓய்வுபெற்ற பொறியாளர், டொரான்டோ:

முக்கியமான ஒன்றை எல்லாரும் தாண்டிப் போகிறீர்கள். ‘ரைஸ்’ என்பதே ‘அரிசி’தான். கிரேக்க ‘ஒருஸா’ நம் அரிசியிலிருந்து சென்றது என்று கால்டுவெல்லே எழுதியிருக்கிறார். வடமொழி ‘வ்ரீஹி’யிலிருந்து ஈரானிய மொழிகள் வழியாகப் போனது என்பவர்களும் உண்டு, ஆனால் ‘வ்ரீஹி’யின் மூலம் எது என்று அவர்களும் கேட்டுக்கொள்ள வேண்டும். அரி என்பது அரிதல். கதிரை அரிந்ததால் அரிசி என்பது என் கணிப்பு. ஆகவே ‘அரிசியர்’ என்பதே நேர்ச்சொல்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

ஐயா, ‘அரிசியர்’ என்று எழுதினால் வாசகர் நெல் மண்டி வைத்திருப்பவர் என்றுதான் நினைப்பார். நம் வாயில் அரிசி வசையாகாது. ‘தண்டச்சோறு’ என்று திட்டினாலும், குற்றம் தண்டத்தில்தானே தவிரச் சோற்றில் இல்லை.

அங்கே கதை வேறு. ஜப்பானிய மோட்டார் சைக்கிள்களை இகழ்ந்து ‘அரிசி எரிக்கும் வண்டி’ என்றார்கள். அதன் குறுக்கம்தான் ‘ரைஸர்’. அரிசி தின்பவன் செய்த வண்டி என்ற ஏளனம். 1982இல் டெட்ராய்ட் அருகே வின்சென்ட் சின் என்ற சீன அமெரிக்க இளைஞரைக் கார்த் தொழிலைச் சேர்ந்த இருவர் மட்டையால் அடித்துக் கொன்றார்கள். ஜப்பானியக் கார்களால் வேலை போகிறது என்று வெறுப்பு மண்டிக்கிடந்த காலம். கொன்றவர்களுக்குச் சிறை இல்லை. தலைக்கு 3,000 டாலர் அபராதமும் நன்னடத்தைக் கண்காணிப்பும்தான். அந்தச் சொல்லுக்குப் பின்னால் நிற்பது இந்தக் காலம்.

பின்னாளில் ‘ரைஸ்’ என்பது ‘பந்தயத் தோற்றம் தரும் ஒப்பனை’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துச் சுருக்கம் என்று யாரோ கதை கட்டினார்கள். கோவை நண்பர் சொல்லும் ‘ஒப்பனை வண்டி’ தன்னையறியாமல் அதையே செய்கிறது. அழுக்கைக் கழுவிவிட்டுச் சொல்லை மட்டும் தருகிறது. எனக்கு அது ஒப்பவில்லை.

அதனால் இரண்டாகப் பிரித்துவிட்டேன். வெள்ளை இளைஞன் ஆசிய மாணவனைப் பார்த்துச் சொல்லும் இடத்தில் ‘அரிசித் தகரம்’. அரிசி அங்கே உறுத்த வேண்டும், உறுத்தும். மற்றபடி ரசனையை மட்டும் எடைபோடும் இடங்களில் பேராசிரியரின் புலித்தோல். ஆனால் சீட் கவரோடு குழம்பாமலிருக்க ‘புலித்தோல் வண்டி’. ஐயா மன்னிக்க வேண்டும். ஸ்லீப்பருக்கு ‘நீறுபூத்த வண்டி’.

ஆசிரியை, கிள்ளான்:

பிரித்ததை வரவேற்கிறேன். எங்கள் மலேசியாவில் இப்படிப்பட்ட வண்டியை ‘ஆ பெங்’ வண்டி என்பார்கள். அது சீன இளைஞர்களைக் கேலி செய்யும் பெயர். என் வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகளும் அதைக் கூசாமல் சொல்கிறார்கள். வேறு சொல் இல்லாததும் ஒரு காரணம். நாளை ‘புலித்தோல் வண்டி’யைக் கரும்பலகையில் எழுதப் போகிறேன்.

பணிமனை நடத்துபவர், கோவை:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் பணிமனையில் எந்தப் பையனின் வண்டியையும் நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

பேராசிரியர், தஞ்சாவூர்:

‘வண்டி’ வேண்டாம் என்ற என் மாற்றுக்கருத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற பொறியாளர், டொரான்டோ:

‘அரிசித் தகரம்’ என்பதில் அரிசி வந்துவிட்டது, மகிழ்ச்சி. ‘வ்ரீஹி’ பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

அனுப்பிவிட்டேன், நன்றி. வண்டியைத் தாழ்த்திச் சக்கரத்தைச் சாய்த்து நிறுத்தும் பாணிக்கான ‘ஸ்டான்ஸ்’ என்ற சொல்லை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன். மெய்ப்பு திங்கட்கிழமை வரும்.