ஒரு டோஸ் நூறு பேருக்கா, இரண்டு டோஸ் ஐம்பது பேருக்கா?

குமரிக்கடல்: 2021 மே 13 அன்னைக்கு நம்ம நாட்டுல கொரோனா தடுப்பூசி கோவிஷீல்டோட ரெண்டு ஊசிக்கும் நடுவுல இருந்த இடைவெளியை 12-16 வாரமா நீட்டினாங்க. அதுக்கு முன்னாடி 6-8. ஸ்டாக் இல்லாததுக்குப் போட்ட அறிவியல் போர்வைன்னுதான் இன்னைக்கும் சொல்வேன். கொரோனாவோட டெல்டா வகை ஆடின நேரம். இங்கிலாந்து கணக்குப்படி டெல்டாவுக்கு எதிரா ஒரு ஊசி 33 சதவீதம் காப்பு, ரெண்டு ஊசி 60. மார்ச் கடைசியில முதல் ஊசி போட்ட எங்க அப்பாவை முகாம் வாசல்லயே “ஜூன்ல வாங்க”ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. வயசு 68.

ஈவுமீதி: உங்க எண்ணையே எடுத்துக்கறேன் அண்ணா. கையில 100 டோஸ். ஐம்பது பேருக்கு ரெண்டு ரெண்டு போட்டா 30 பேருக்குக் காப்பு. நூறு பேருக்கு ஒண்ணு ஒண்ணு போட்டா 33.

குமரிக்கடல்: மூணு பேர்! அந்த 33ல இருக்கற பிழையே அதைவிடப் பெரிசு.

ஈவுமீதி: அது காய்ச்சல், இருமல் கணக்கு. ஆஸ்பத்திரி வரை போகாம தடுக்கறதைப் பாருங்க: ஒரு ஊசி 71, ரெண்டு ஊசி 92. அப்போ 71 பேரா, 46 பேரா? வாசல்ல ஆம்புலன்ஸ் வரிசை கட்டி நின்ன மாசம் அது.

குமரிக்கடல்: ஜூன்ல வந்த எண்ணை வெச்சு மே மாச முடிவுக்கு வக்காலத்து வாங்கறீங்க. மே 14, நாம நீட்டின மறுநாளே, இங்கிலாந்து 50 வயசுக்கு மேலானவங்களுக்கு 12 வாரத்தை 8 ஆக்குச்சு.

ஈவுமீதி: உங்க 33 மட்டும்? அதுவும் மே 22ல வந்ததுதான். 13ஆம் தேதி கையில இருந்தது டெல்டாவுக்கு முந்தின சோதனை: ரெண்டாவது ஊசியை 12 வாரம் தாண்டிப் போட்டா காப்பு 81 சதவீதம், ஆறு வாரத்துக்குள்ள போட்டா 55.

ஊசிக்காரம்மா: நடுவுல வர்றேன். கோவிஷீல்டு குப்பியில பத்து டோஸ். திறந்தா நாலு மணி நேரத்துல தீர்க்கணும். சாயங்காலம் நாலரைக்கு ஆறு பேர் உட்கார்ந்திருப்பாங்க. பக்கத்துக் கடையில போய் ஆள் கூட்டிட்டு வந்திருக்கேன், டீ மாஸ்டர் உட்பட. உங்க 100 டோஸ்ல இது எங்க இருக்கு?

ஈவுமீதி: இல்லக்கா. கழிச்சுக்கணும்.

குமரிக்கடல்: சரி, 71-46ஐ ஒத்துக்கறேன். ஆனா நூறு பேரும் ஒரே ஆளா? மே 1லேர்ந்து 18 வயசுக்கு மேல எல்லாருக்கும்னு கதவைத் திறந்தாச்சு. அப்பாவோட ரெண்டாவது ஊசிதானே 25 வயசுப் பையனுக்கு முதல் ஊசியா போச்சு?

ஈவுமீதி: இது நல்ல அடி. முதல் ஊசி கொடுக்கறது 71 புள்ளி, ரெண்டாவது கூட்டறது 21தான். 71ஐ 21ஆல வகுத்தா கிட்டத்தட்ட 3.4. ஆஸ்பத்திரிக்குப் போற வாய்ப்பு பையனைவிட அப்பாவுக்கு 3.4 மடங்குக்கு மேல இருந்தா, அவரோட ரெண்டாவது ஊசிதான் முந்தணும். 68க்கும் 25க்கும் வித்தியாசம் அதுக்கும் மேல. வயசைப் பிரிக்காம நீட்டினது தப்புதான்.

குமரிக்கடல்: இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே!

ஊசிக்காரம்மா: இருங்க, அந்தப் பையன்தானே பஸ்ல தொத்திட்டு வந்து தாத்தாவுக்குக் கொடுக்கறான்?

ஈவுமீதி: அதைச் சேர்த்தா கணக்கு மறுபடி மாறும் அக்கா. ராத்திரி உட்கார்ந்து போட்டுப் பார்க்கறேன்.