குமிழியைப் படமெடுத்தால் சாம்பல் வட்டம்தான் வருகிறது. எங்கே தப்பு?

அல்சூர்_மாடிவீடு:

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூரு அல்சூரில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். போன ஞாயிறு கப்பன் பார்க்கில் என் ஆறு வயசு மகளுக்கு சோப்புக் குமிழி டப்பா ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அவள் ஊத ஊத, நான் தம்பி கொடுத்த பழைய கேமராவில் (18-55 லென்ஸ்) 43 படம் எடுத்தேன். நேரில் பார்த்தால் மயில்கழுத்து நிறமும் ரோஸும் பச்சையும் அப்படி வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன. படத்தில் பார்த்தால் சாம்பல் நிறத்தில் வெறும் வளையம். தேறியது இரண்டு. அதில் ஒன்றில் தெளிவாக இருப்பது மகளின் காது.

ஷட்டர் வேகம் குறைவோ என்று 1/1000 வரை ஏற்றிப் பார்த்துவிட்டேன். வளையம் இன்னும் கூர்மையான வளையமாக வந்ததுதான் மிச்சம். இன்னொரு லென்ஸ் வாங்கு என்று சொல்லிவிடாதீர்கள், வீட்டில் சண்டை வரும்.

அப்புறம், காபி நுரை, தோசைமாவு மேலே வரும் குமிழி, பெல்லந்தூர் ஏரி நுரை இதையெல்லாம் வரிசையாக எடுக்கலாம் என்று ஓர் ஆசை. யாராவது எடுத்திருக்கிறீர்களா?

கோரமங்களா_கார்த்தி:

போனில் பர்ஸ்ட் மோடு போட்டு அழுத்திப் பிடியுங்கள் அக்கா. நூறு எடுத்தால் ஒன்று கிடைக்கும். நான் அப்படித்தான்.

பழையலென்ஸ்:

கார்த்தி, நூறு எடுத்தால் நூறு சாம்பல் வளையம் கிடைக்கும். மன்னிக்கவும் தம்பி, நானும் அப்படி இரண்டு மழைக்காலம் வீணாக்கியவன்.

அம்மா, உங்கள் கேமராவில் குறை இல்லை. குமிழியின் சவ்வு தன்மேல் விழும் வெளிச்சத்தில் அதிகபட்சம் நூற்றுக்கு எட்டுப் பங்கைத்தான் திருப்பி அனுப்பும். பல இடங்களில் அதுகூட இல்லை. மீதி எல்லாம் ஊடுருவிப் போய்விடும். குமிழிக்குப் பின்னால் வெளிச்சமான வானமோ புல்வெளியோ இருந்தால் அந்த எட்டுப் பங்கு நிறம் அதில் கரைந்துவிடும். நம் கண் ஓடுகிற நிறத்தைப் பிடித்துக்கொள்ளும், கேமராவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஆகவே பின்னால் இருட்டு வேண்டும், முன்னால் அகலமான வெளிச்சம் வேண்டும். கப்பன் பார்க்கில் அடர்ந்த மூங்கில் புதரின் நிழல் பின்னால் விழும்படி, திறந்த வானம் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்று பாருங்கள்.

ஆனால் பூங்காவை விடுங்கள், முதலில் வீட்டில் பழகுங்கள். பறக்கிற குமிழியைத் துரத்தவே வேண்டாம். ஒரு எவர்சில்வர் தட்டைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து வையுங்கள். ஸ்ட்ராவின் முனையையும் நனைத்து, தட்டில் வைத்து மெல்ல ஊதினால் அரைக்கோளமாக, கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒன்று உட்காரும். காய்ந்த எதுவும் அதைத் தொடக்கூடாது. பின்னால் கறுப்புத் துணி. வெளிச்சத்துக்கு, மேஜை விளக்கின் முன்னால் வெள்ளை வேட்டியைத் தொங்கவிடுங்கள். நான் நாலு முழ வேட்டிதான் வைத்திருக்கிறேன், எட்டு முழம் இன்னும் நல்லது. வேட்டி எவ்வளவு அகலமாகக் குமிழியில் தெரிகிறதோ அவ்வளவு தூரத்துக்குத்தான் நிறம் வரும். வெறும் பல்பு வைத்தால் ஒரு புள்ளி மட்டும் பளிச்சிடும்.

தண்ணீர் முக்கியம். காவிரித் தண்ணீர் வருகிற நாளில் கலக்குங்கள். போர்வெல் தண்ணீரில் குளியல் சோப்பைச் சீவிக் கரைத்தால் திரிந்துபோகும். பாத்திரம் துலக்கும் திரவம் அவ்வளவு அழும்பு பண்ணாது. அதில் ஒரு பங்கு, தண்ணீர் ஆறு பங்கு, மருந்துக்கடை கிளிசரின் இரண்டு ஸ்பூன். கிளிசரின் சவ்வு சீக்கிரம் உலராமல் காக்கும். மார்ச் மாத வறட்டுக் காற்றில் உடைந்துகொண்டே இருக்கும் குமிழி, மழை பெய்த மாலையில் சமர்த்தாக நிற்கும்.

இப்போது ஃபோகஸ். இதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. குமிழியின் முன்பக்கம் குவிந்த கண்ணாடி, பின்பக்கச் சவ்வு குழிந்த கண்ணாடி. அதனால் உங்கள் ஜன்னல் அதில் இரண்டு முறை தெரியும், ஒன்று நேராக, ஒன்று தலைகீழாக. ஆறு சென்டிமீட்டர் குமிழி என்றால் நேரான ஜன்னல் நடுப்புள்ளிக்கு ஒன்றரை சென்டிமீட்டர் முன்னாலும், தலைகீழ் ஜன்னல் அதே அளவு பின்னாலும் உருவாகும். வளையத்தின் விளிம்போ நடுவில் இருக்கிறது. மூன்றும் மூன்று தூரம்! கேமரா தானாகத் தேடும்போது எதைப் பிடிப்பது என்று தெரியாமல் உங்கள் மகளின் காதைப் பிடித்துவிட்டது, அவ்வளவுதான். கையால் ஃபோகஸ் வையுங்கள், மூன்று தூரமும் ஓரளவு தெளிவாக வர லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப் 11 வையுங்கள், ஸ்டாண்ட் இல்லாவிட்டால் நாலு புத்தகத்தை அடுக்கி அதன்மேல் வையுங்கள்.

எப்போது அழுத்துவது? சவ்வில் உள்ள நீர் கீழே வடியும், மேல்பக்கம் மெலியும். நிறப் பட்டைகள் இறங்கிக்கொண்டே வரும். கடைசியில் உச்சியில் வெள்ளி மாதிரி வெளுத்து, அப்புறம் ஓட்டை விழுந்தது போலக் கறுப்பு. ஓட்டை இல்லை, அங்கேயும் சவ்வு இருக்கிறது. ஏறக்குறைய 30 நானோமீட்டர் தடிமனுக்குக் கீழே போய்விட்டது. சவ்வின் முன்முகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியலை மேடு பள்ளமாக, பள்ளம் மேடாகப் புரண்டு திரும்பும், அதே சவ்வின் பின்முகத்தில் பட்டது புரளாது. நடுவே இடைவெளியே இல்லை என்றாகும்போது ஒன்றை ஒன்று அழித்துவிடும். கறுப்பு தெரிந்தால் ஆள் கிளம்பப்போகிறார் என்று பொருள். அந்தச் சில நொடிகள்தான் படம்.

எமலூர்வாசி:

பெல்லந்தூர் பற்றி நான் சொல்கிறேன், பக்கத்திலேயே இருந்து அனுபவித்தவன். 2015 மே மாதம் எங்கள் எமலூர்ப் பக்கம் நுரையே தீப்பிடித்து எரிந்தது. 2017 பிப்ரவரியில் ஏரியில் தீ. சுத்திகரிக்காத சாக்கடையோடு துணி சோப்பு, பாத்திர சோப்பு எல்லாம் வந்து சேரும். ஏரி மதகில் தண்ணீர் விழுந்து கடையும் இடத்தில் நுரை பொங்கும். காற்றடித்தால் ரோட்டில் பறந்து வண்டிக்காரர் முகத்தில் அப்பும். தூரத்தில் இருந்து பார்க்க இமயமலை, கிட்டே போனால் மூக்கைப் பிடிக்க வேண்டும். வெளியூர்க்காரர்கள் அதன் முன்னால் நின்று கல்யாண போட்டோ மாதிரி எடுத்துக்கொண்டு போனபோது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. எடுப்பதானால் நுரையை மட்டும் எடுக்காதீர்கள், அதன் பின்னால் இருக்கும் அபார்ட்மென்ட்டையும் சேர்த்து எடுங்கள். லென்ஸில் பட்டால் உடனே துடையுங்கள்.

இலைக்கடியில்:

சாக்கடை நுரைக்கு எதிர்ப்பதமாக ஒன்று. மழை முடிந்ததும் செடித்தண்டில் யாரோ துப்பி வைத்தது மாதிரி நுரை இருக்கும். அருவருக்க வேண்டாம், உள்ளே ஒரு பூச்சிக்குஞ்சு இருக்கிறது. செடிச்சாற்றை உறிஞ்சி, கழிக்கிற நீரில் காற்றைக் கலந்து தன்மேல் நுரைப் போர்வை போட்டுக்கொள்ளும். உலராமலும் இருக்கும், எதிரி கண்ணிலும் படாது. போனில் மாட்டும் கிளிப் மேக்ரோ (சின்னதைக் கிட்டத்தில் பெரிதாகக் காட்டும் குட்டி லென்ஸ்) போதும். நுரையைக் கலைக்காதீர்கள். பெரிய மழையில் மரத்தண்டு வழியே வழியும் நீர் அடிமரத்தில் நுரைத்து நிற்பதையும் பாருங்கள், அதுவும் அழகு.

அல்சூர்_மாடிவீடு:

பழையலென்ஸ் சார், நேற்று ராத்திரி பரிசோதித்துவிட்டேன்! வேட்டி கேட்டதும் கணவர் "எதுக்கு" என்றார். குமிழிக்கு என்றதும் மேலே கேட்கவில்லை, பழையதாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். பதினோராவது குமிழியில் நிறம் வந்தது. வாழைப்பூ மடல் நிறத்தில் ஒரு பட்டை, அதன் கீழே கிளிப்பச்சை. கறுப்பு உச்சியும் ஒரே ஒரு படத்தில் சிக்கியது. அடுத்த படத்தில் வெறும் தட்டு.

காபி நுரையையும் முயன்றேன். டபராவில் ஆற்றி ஊற்றின உடனே எடுத்தால் ஒரே வெள்ளை. அரை நிமிஷம் விட்டால் சின்னக் குமிழிகள் ஒன்றாகிப் பெரிசாகின்றன, மூன்று சேரும் இடமெல்லாம் ஒரே மாதிரி கோணத்தில் இருக்கின்றன. ஏன்? தோசைமாவுக் குமிழி எதிலும் நிறமே இல்லை, சுண்ணாம்பு அடித்த மாதிரி வருகிறது. அதைக் கைவிட்டேன், மாவையும் வார்த்துவிட்டேன்.

பழையலென்ஸ்:

பலே. மூன்று சவ்வுகள் சேர்ந்தால் 120 பாகைதான், மூன்றும் சம பலத்தில் இழுக்கின்றன. பெல்ஜியத்தில் ஜோசப் பிளாட்டோ (Plateau) என்பவர் 19ஆம் நூற்றாண்டில் கண்டு சொன்னது, அப்போது அவருக்குப் பார்வை போயிருந்தது. தோசைமாவில் சவ்வு தடிமன், மாவுத்துகள் வேறு ஒளியைச் சிதறடிக்கும். நிறத்தை மறந்துவிட்டுப் பக்கவாட்டு வெளிச்சத்தில் நிழலை எடுங்கள். நேற்றைய படத்தைப் போடுங்களேன்.

அல்சூர்_மாடிவீடு:

போட முடியாது சார். பெரிதாக்கிப் பார்த்தால் குமிழிக்குள் கொடியில் காயும் துணி, அதன் நடுவே நைட்டியோடு நான், தலையில் துண்டு. நீங்கள் சொன்ன மாதிரியே இரண்டு முறை, ஒன்று தலைகீழாக. இன்றைக்குக் கொடியை எடுத்துவிட்டு, சேலை கட்டிக்கொண்டு மறுபடி எடுக்கிறேன்.