பருவ வேலைக்குக் கயாக்கோடு ஊர் மாறுகிறவர்களுக்கு: புதுத் தண்ணீரும் அங்கே எதிர்ப்படும் ஆட்களும்

கஸ்டமரைக் கயாக்கில் (துடுப்பால் ஓட்டும் சிறு படகு) மீன்பிடிக்கக் கூட்டிப்போகும் கைடு வேலைக்கு நாலைந்து மாதம் மட்டும் வேறு தண்ணீருக்குப் போகிறவர்கள் கூடிக்கொண்டே இருக்கிறார்கள். அங்குள்ள கயாக் தூண்டில்காரர்கள் எதைச் செய்தால் சேர்த்துக்கொள்கிறார்கள், எதனால் ஒதுக்குகிறார்கள், கருவியில் எது காலை வாருகிறது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். தொடங்கி வைக்கிறேன்.

முதல் புக்கிங்குக்கு மூன்று வாரம் முன்பே போய்ச் சேருங்கள். கழிமுகம், காயல் என்றால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றவற்றம் பெரிதாக இருக்கும். அஷ்டமி, நவமி வாக்கில் அடங்கிவிடும். ஒரு பெரிய ஏற்றத்திலிருந்து அடுத்ததற்கு ஏறக்குறைய 15 நாள். அந்தச் சுற்றை முழுதாக ஒரு தடவை பார்க்காமல் கஸ்டமரோடு இறங்கினால், போன வாரம் மிதந்த இடத்தில் இந்த வாரம் சேற்றில் உட்கார்ந்திருப்பீர்கள். பெரிய வற்றம் வரும் நாளில் கயாக்கை இறக்கவே வேண்டாம். கரையோரம் நடந்து பாருங்கள். வாய்க்கால் எங்கே வளைகிறது, சிப்பிப் பாறை எங்கே கிடக்கிறது, மணல்திட்டின் எந்த ஓரம் சடாரென்று இறங்குகிறது என்பதெல்லாம், சோனாரில் (ஒலியால் அடித்தரையைக் காட்டும் கருவி) துண்டுதுண்டாகத் தெரிவது, அன்றைக்கு மொத்தமாகக் கண்முன் கிடக்கும்.

ஆறு மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக வைத்தால் மணிக்கு மணி 1, 2, 3, 3, 2, 1 என்று ஏறும். நடு இரண்டு மணி நேரத்தில் பாதித் தண்ணீர் வந்துவிடுகிறது, ஓட்டமும் அப்போதுதான் முரட்டுத்தனமாக இருக்கும். பழக்கமில்லாதவரை அந்த நேரத்தில் வாய்க்காலின் குறுக்கே கூட்டிப் போகாதீர்கள். இது தோராயக் கணக்குதான். குறுகிய கழிமுகங்களில் பிசகும். அதனால்தான் நேரில் பார்க்கச் சொல்வது.

கிளம்பும் முன் முதலாளியிடம் எழுத்தில் வாங்குங்கள்: காற்றால் ரத்தாகும் நாளுக்குக் கூலி உண்டா இல்லையா, உரிமம் யார் பெயரில், காப்பீடு உங்களுக்கும் சேர்த்தா அல்லது கஸ்டமருக்கு மட்டுமா, உடைந்த ராடும் தொலைந்த துடுப்பும் யார் கணக்கில். வேறு நாடு என்றால் வேலை செய்ய அனுமதிக்கும் விசா வேண்டும். சம்பளமே இல்லை, டிப்ஸ் மட்டும்தான் என்றாலும் அது வேலையாகத்தான் கணக்காகும்.

* * *

என்னைக் கேட்டால், எல்லாம் இறக்குதுறையில்தான் முடிவாகிறது. அங்குள்ளவர்கள் புது ஆளை எடைபோடுவது மீனை வைத்து அல்ல, துறையில் நடந்துகொள்வதை வைத்து.

ராடு கட்டுவது, சோனார் மாட்டுவது, லைஃப் ஜாக்கெட் போடுவது எல்லாம் வண்டி நிற்கும் இடத்திலேயே முடிய வேண்டும். சரிவில் கயாக் நிற்பது இரண்டு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. நாலு கஸ்டமரோடு வரும் கைடு சரிவிலேயே வகுப்பு எடுக்க ஆரம்பித்தால், பின்னால் நிற்பவர்களுக்கு அந்த முகம் பருவம் முடியும்வரை மறக்காது.

தனியாக 40 கிலோ கயாக்கை வண்டிமேல் ஏற்றத் திணறுபவரைப் பார்த்தால் போய் உதவுங்கள். ஆனால் "முன்பக்கம் பிடிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். பிடிப்பது கைப்பிடியில் மட்டும். ராடு ஹோல்டரையோ இருக்கைச் சட்டத்தையோ பிடித்துத் தூக்கினால் பிளாஸ்டிக்கில் ஸ்க்ரூ பிய்ந்து வரும். உதவிக்குப் போய் வசவு வாங்குவது இப்படித்தான்.

பேச்சு கிடைத்ததும் மீன் எங்கே என்று கேட்காதீர்கள். ஆபத்தைப் பற்றிக் கேளுங்கள். வற்றத்தில் இதே துறையில் திரும்ப ஏற முடியுமா? மதியக் காற்று எந்தப் பக்கமிருந்து? படகுகள் வேகமாகத் திரும்புகிற முனை எது? இதற்குப் பதில் சொல்ல மறுப்பவர் அரிது. பதிலுக்குள் மற்றதும் இருக்கும். "ரெண்டு மணிக்கு மேல பாலத்துக்கு அந்தப் பக்கம் நிக்க முடியாதுங்க" என்று ஒருவர் சொன்னால், ரெண்டு மணிவரை அவர் எங்கே நிற்கிறார் என்பதைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. அப்படித் தெரிந்துகொண்டு மறுநாளே அங்கே போய் நிற்காமல் இருப்பது உங்கள் கையில்.

உங்கள் பக்கத்திலிருந்து கொடுக்க வேண்டியதும் உண்டு. இடத்தைச் சொல்லாமலேயே பயனுள்ளதைச் சொல்லலாம்: ஏற்றம் தொடங்கி எத்தனை மணி நேரம் கழித்துக் கடித்தது, எத்தனை அடி ஆழம், லூர் (செயற்கை இரை) எத்தனை அங்குலம், தண்ணீர் தெளிவா கலங்கலா. எடுத்துக்கொண்டே இருப்பவருக்கு இரண்டாம் வாரத்தில் கதவு சாத்தப்படும்.

* * *

ஒன்று விட்டுப்போயிற்று. பருவத்துக்கு வந்த கைடு என்பதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். சொன்னால் வாயை மூடிக்கொள்வார்கள் என்று சிலர் மறைக்கிறார்கள். மூடிக்கொள்ளட்டும், கொஞ்ச நாளில் திறக்கும். மறைத்துவிட்டு, ஒரே நிறத்தில் நாலு கயாக், நாலு கஸ்டமர் சகிதம் அவர் காட்டிய திட்டில் போய் நின்றால் அதன் பிறகு திறக்காது.

ஒருவர் தானாகக் கூட்டிப்போய்க் காட்டிய இடத்துக்குக் கூலி வாங்கிக்கொண்டு யாரையும் கூட்டிப் போகக் கூடாது. இதற்கு எழுதின விதி கிடையாது, எல்லாத் தண்ணீரிலும் இருக்கிறது.

* * *

பயணச் சாமான் பற்றி.

விமானத்தில் போகிறவர்கள் சோனார் பேட்டரியில்தான் மாட்டுகிறார்கள். வாட்-அவர் என்பது வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்குவது. 12.8 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி என்றால் 128. நூறுக்குமேல் 160 வரை விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும்; அதற்குமேல் பயணி கொண்டுபோகவே முடியாது. 7 ஆம்பியர்-அவர் என்றால் 89.6, நூறுக்குள் அடங்கிவிடும். தனியாக இருக்கும் லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் போக வேண்டும், முனைகளை டேப் ஒட்டி மூடி. பெட்டியில் போட்டுச் சரக்கில் விட்டால் எடுத்து வைத்துவிடுவார்கள். இந்த வகைப் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போட்டால் கெட்டுவிடும். குளிர் பிரதேசத்துக்குப் போகிறவர்கள் வண்டியில் விட்டுவிட்டுக் காலையில் சார்ஜில் போடாதீர்கள். கேஸ் சிலிண்டர் வைத்த ஊதும் லைஃப் ஜாக்கெட் என்றால் அதற்கும் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்க வேண்டும்.

தரைவழி என்றால் கயாக்கைக் கவிழ்த்துப் போட்டு, கையால் இழுத்து இறுக்கும் கேம் பக்கிள் பட்டையால் கட்டுங்கள். நெம்பி இறுக்கும் ராட்செட் பட்டையில் இறுக்கம் கைக்குத் தெரியாது. வெயிலில் இளகிய பாலிஎத்திலீன் அடிப்பாகம் குழிந்துவிடும். லேசான குழிவு என்றால் கட்டவிழ்த்து வெயிலில் போட்டாலே பெரும்பாலும் எழும்பிவிடும். பட்டையில் ஒரு முறுக்கு விட்டுக் கட்டினால் ஓட்டத்தில் ரீங்காரம் வராது. முனை இரண்டுக்கும் தனிக் கயிறு கட்டாயம்.

தண்ணீர் மாறும்போது கயாக்கைக் கழுவிக் காயவைப்பதை உள்ளூர்க்காரர்கள் உற்றுப் பார்ப்பார்கள், பார்க்கத்தான் வேண்டும். வரிச்சிப்பி மாதிரியான அந்நிய உயிர்கள் இப்படித்தான் ஏரிவிட்டு ஏரி போகின்றன. அடிப்பக்கத் திருகைக் கழற்றி உள்ளிருக்கும் தண்ணீரை வடியுங்கள். ஸ்கப்பர் துளை (மேலே விழும் தண்ணீர் வடியும் துளை), பெடல் குழி, இருக்கைக்கு அடிப்புறம் எல்லாவற்றையும் 60 டிகிரி வெந்நீர் விட்டுக் கழுவி, ஐந்து நாள் உலர விடுங்கள். பலரும் மறப்பது நங்கூரக் கயிறு. கயாக் காய்ந்தபின்னும் சுருட்டி வைத்த கயிற்றின் உள்பக்கம் ஈரமாகவே இருக்கும்.

* * *

தண்ணீரில் மற்றவர்களோடு எதிர்ப்படுவது பற்றி நான் எழுதுகிறேன். சண்டை வருவது பெரும்பாலும் நங்கூரத்தால்.

ஒருவர் நங்கூரம் போட்டு நிற்கிறார் என்றால் அவர் தூண்டில் வீசும் பக்கம் எது என்று தெரியும்வரை தள்ளியே நில்லுங்கள், பிறகு அவர் முதுகுப்பக்கமாகச் சுற்றிப் போங்கள். பலர் ஒரே கோட்டில் மிதந்து போகிறார்கள் என்றால் வரிசையின் மேல்முனைக்குப் போய்ச் சேர்ந்துகொள்வதுதான் முறை. நடுவில் நுழையக் கூடாது. மிதந்து முடித்தவர் அந்தக் கோட்டின் மேலேயே திரும்பி ஓட்டி வராமல் அகலமாகச் சுற்றி வர வேண்டும்.

நங்கூரம் ஒன்றரைக் கிலோ மடக்கு வகை போதும். ஓட்டத்தில் அதைப் பக்கவாட்டில் கட்டவே கூடாது. கட்டினால் கயாக் ஓட்டத்துக்குக் குறுக்கே திரும்பும், கயிறு அந்த விளிம்பைக் கீழே இழுக்கும், மேலிருந்து வரும் தண்ணீர் அதன்மேல் ஏறும். கவிழ்வதற்குச் சில நொடி போதும். இதற்குத்தான் டிராலி: முன்முனையில் ஒரு கப்பி, பின்முனையில் ஒரு கப்பி, நடுவில் ஓடும் கயிற்றில் ஒரு வளையம். நங்கூரக் கயிறு வளையத்துக்குள் போய் உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்துக் கிளீட்டில் (கயிற்றை மாட்டி நிறுத்தும் பிடி) மாட்டும். வளையத்தை முனைவரை ஓட்டிவிட்டால் கயாக் ஓட்டத்துக்கு நேராக நிற்கும். கயிற்றின் கடைசியில் ஒரு மிதவை கட்டுங்கள். பெரிய மீன் இழுத்தாலோ படகு நேராக வந்தாலோ கிளீட்டிலிருந்து கழற்றி மிதவையோடு எறிந்துவிட்டுப் போகலாம்.

பாறைத் தரையில் நங்கூரம் மாட்டிக்கொண்டால் எடுக்க ஒரு வழி. கயிற்றை நங்கூரத்தின் தலைவளையத்தில் முடியாதீர்கள். கொக்கிகள் சேரும் அடிக்கண்ணில் முடிந்து, தண்டோடு கொண்டுவந்து, தலைவளையத்தில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் டையால் மட்டும் கட்டுங்கள். மாட்டிக்கொண்டால் நேர் மேலே போய் ஓங்கி இழுக்க வேண்டும். டை அறுந்து, இழுப்பு அடிப்பக்கத்துக்கு மாறி, போன வழியே கொக்கி வெளியே வரும். பையில் பத்து டை வைத்திருங்கள். துறையில் யாருக்காவது நங்கூரம் போயிருந்தால் இதைச் சொல்லிக் கொடுங்கள், அறிமுகத்துக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

விசைப்படகுக்காரர் உங்களைப் பார்த்திருப்பார் என்று நம்பாதீர்கள். எதிர்வெயிலில் கயாக் தண்ணீரோடு தண்ணீராகிவிடும். நாலடிக் கொடி, பளிச்சென்ற துடுப்பு அலகு, விசில். நெருங்கி வந்தால் துடுப்பை நிமிர்த்திப் பிடித்து இடமும் வலமும் ஆட்டுங்கள். அலையைப் பக்கவாட்டில் வாங்காமல் முனையைத் திருப்பி வாங்குங்கள். கஸ்டமருக்கு இதைக் கரையிலேயே சொல்லியிருக்க வேண்டும். அலை வரும்போது கத்தினால் அவர் திரும்பி உங்களைத்தான் பார்ப்பார்.

* * *

கஸ்டமருக்குக் காலால் மிதித்து ஓட்டும் பெடல் கயாக் கொடுக்கலாமா என்று புதுக் கைடுகள் கேட்பதுண்டு. கொடுங்கள். கை இரண்டும் ராடுக்குக் கிடைக்கும். ஆனால் பெடல் கயாக்கிலும் ஒரு துடுப்பு இருந்தே ஆக வேண்டும். புரொப்பெல்லரில் களையோ அறுந்த நரம்போ சுற்றினால் வேறு வழி இல்லை. தாங்கும் எடை 180 கிலோ என்று அச்சிட்டிருந்தால் ஆளும் சாமானும் சேர்த்து 120-க்குள் நிறுத்துங்கள்.

* * *

மீனுக்குமுன் கவிழ்வதைப் பழக்குங்கள். இடுப்பளவுத் தண்ணீரில், ஒவ்வொரு கஸ்டமரும் ஒரு தடவை விழுந்து ஏறிக் காட்டினால்தான் பயணம் தொடங்கும் என்று கறாராக இருங்கள். கவிழ்ந்த கயாக்கை நிமிர்த்தி, பக்கவாட்டில் நடுவில் நின்று, கால்களைத் தண்ணீரின் மேல்மட்டத்துக்குக் கொண்டுவந்து உதைத்து, வயிற்றோடு குறுக்கே விழ வேண்டும். பிறகு புரண்டு இருக்கையில் உட்கார்ந்து, கடைசியில் கால்களை உள்ளே. பலர் கையால் இழுத்து ஏறப் பார்ப்பார்கள். கயாக் அவர்கள்மேலேயே கவிழும். ஜாக்கெட்டைத் தோள்பட்டையில் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள், மோவாய்க்கு மேல் வந்தால் தளர்வு. கஸ்டமருக்கு நுரை ஜாக்கெட்தான்.

தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் வெயிலைப் பார்த்து உடுத்தக் கூடாது, தண்ணீருக்கேற்ற உடை வேண்டும். பனிக்குளிர்த் தண்ணீருக்குச் சொல்லும் 1-10-1 கணக்கு தெரிந்ததே: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதாவது ஏறி உட்காரக் கிடைப்பது அந்தப் பத்து நிமிடம்தான்.

காற்று இரட்டித்தால் அதன் விசை நாலு மடங்கு. புதியவர்களோடு 10 நாட் (knot) வேகத்துக்குமேல் வேண்டாம் என்பது என் கருத்து. 12 வரை போகலாம் என்பவர்களும் உண்டு. எப்படியானாலும் காலையில் காற்றை எதிர்த்துப் போய், களைத்தபின் காற்றோடு திரும்புங்கள். காற்று ஒரு பக்கம், ஓட்டம் எதிர்ப்பக்கம் என்றால் அலை குட்டையாகச் செங்குத்தாக எழும்பும். அந்த நேரத்தை அட்டவணையில் முதலிலேயே குறித்து வையுங்கள்.

விஎச்எஃப் ரேடியோ ஜாக்கெட்டில் இருக்கட்டும், கயாக்கில் வேண்டாம். கவிழ்ந்தால் இரண்டும் பிரிந்துவிடும். அவசர அழைப்புக்குச் சானல் 16. தண்ணீர் மட்டத்தில் உட்கார்ந்து பேசும்போது கயாக்குக்குக் கயாக் சில கிலோமீட்டர்தான் எட்டும். அதனால் பக்கத்தில் மீன்பிடிக்கும் உள்ளூர்க்காரர் எந்தச் சானலில் இருக்கிறார் என்று துறையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் நேரத்தைக் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

* * *

புகைப்படம் பற்றி ஒரு வரி. கஸ்டமர் மீனோடு நிற்கும் படத்தில் பாலத்தூணோ கரைக்கட்டடமோ தெரிந்தால் அன்று மாலையே இடம் ஊருக்குத் தெரிந்துவிடும். முதுகுக்குப் பின்னால் வெறும் தண்ணீர் இருக்கும்படி கயாக்கைத் திருப்பி எடுங்கள். கஸ்டமர் போனில் இடக்குறிப்பு அணைந்திருக்கிறதா என்று இறங்கும் முன்பே பாருங்கள்.